மருந்தும் அடங்கும் என்று பொய் சொல்லி விற்ற காப்பீடு

அனுப்புநர்:
ரோண்டா கிளிங்கர்,
ஓய்வுபெற்ற பள்ளிப் பேருந்து ஓட்டுநர்,
எல்க் பெண்ட், அயோவா.

பெறுநர்:
மாநிலக் காப்பீட்டு ஆணையர் அவர்கள்,
டெ மொய்ன்.

பொருள்: பொய் சொல்லித் துணைக் காப்பீடு விற்ற முகவர் டிரெவர் ஹாஸ் மீது நடவடிக்கை கோருதல்.

மதிப்பிற்குரிய அம்மையீர்,

1. எனக்கு அறுபத்தைந்து வயதானபோது, முதியோருக்கான அரசு மருத்துவக் காப்பீட்டுடன் சேர்த்து வைத்துக்கொள்ள, மேற்படி முகவரிடம் துணைக் காப்பீடு எடுத்தேன். மருந்துக்குத் தனித் திட்டம் வேண்டுமா என்று வாய்விட்டே கேட்டேன். "எதுக்குங்க வீண் செலவு? இந்த அட்டையக் காட்டுங்க, ஆஸ்பத்திரி, மருந்து எல்லாம் இதுலயே அடங்கிடும்" என்றார். என் சமையலறையில் அமர்ந்து, நான் செய்த ஆப்பிள் கேக்கைத் தின்றுகொண்டே சொன்னார்.

2. அடுத்த ஆண்டு வசந்தத்தில் என் இதயத் துடிப்பு தாறுமாறானது. இரத்தம் உறையாமலிருக்க மாத்திரை எழுதித் தந்தார்கள். மருந்துக் கடையில் அட்டையை நீட்டினேன். "இது ஆஸ்பத்திரி பில்லுல மிச்சத்தக் கட்டுற காப்பீடும்மா. மாத்திரைக்குத் தனியா எடுத்திருக்கணும்" என்றார் கடைக்காரர். அவர் சொன்ன விலை எங்களுக்குக் கட்டுப்படியாகாது. முகவரை அழைத்தேன். "படிக்காம கையெழுத்துப் போட்டது யார் தப்பு?" என்று கேட்டுத் தொடர்பைத் துண்டித்தார். மருந்துத் திட்டத்தில் சேர இலையுதிர்காலம் வரை காத்திருக்க வேண்டுமாம். ஜனவரியில்தான் நடப்புக்கு வருமாம். தாமதத்துக்கு ஆயுள் முழுக்கக் கூடுதல் கட்டணம் வேறு.

3. ரயில்வேயில் ஓய்வுபெற்ற என் கணவர் லைல், அதே மாத்திரையைக் காலையும் மாலையும் உட்கொள்பவர். அவருக்கு மருந்துத் திட்டம் உண்டு. "எனக்கு இனிமே ஒரு வேளை போதும்னுட்டார் டாக்டர். மிச்சத்த நீ போட்டுக்கோ" என்றார். நம்பினேன். எந்த டாக்டரும் அப்படிச் சொல்லவில்லை என்பது, ஆகஸ்டில் அவர் தக்காளிச் செடிகளுக்கிடையே பக்கவாதத்தில் விழுந்த பிறகே தெரிந்தது. வலக்கையும் பேச்சும் போய்விட்டன.

4. காப்பீட்டு நிறுவனத்துக்கு எழுதினேன். 'வாடிக்கையாளரின் புரிதல் பிழை' என்று பதில் வந்தது. அம்மையீர், பனி கொட்டும் சாலைகளில் ஊரார் பிள்ளைகளைப் பத்திரமாகக் கொண்டுசேர்த்தவள் நான். நான் என்ன கேட்டேன், முகவர் என்ன சொன்னார் என்பது எனக்குத் தெரியும். பொய்யைப் பிழை என்று எழுதியதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை.

5. அனுதாபம் வேண்டாம். அந்த முகவரின் உரிமத்தை ரத்து செய்யுங்கள். அந்தக் கூடுதல் கட்டணத்தை எதிர்த்து முறையிட, நான் ஏமாற்றப்பட்டேன் என்று எழுத்தில் தாருங்கள்.

என் பெயருக்குக் கீழே இருப்பது கிறுக்கல் அல்ல. என் கணவர் இடக்கையால் இட்ட கையெழுத்து. வேண்டாம் என்றேன், பேனாவைப் பிடுங்கிக்கொண்டார்.

இடம்: எல்க் பெண்ட்
நாள்: செப்டம்பர் 19

இப்படிக்கு,
ரோண்டா கிளிங்கர்
லைல் கிளிங்கர்