இருபத்திரண்டு கையெழுத்துகள்

4 பிப்ரவரி 2019

அன்புள்ள தோருன்,

நலமாக இருக்கிறாயா? குளிர்கால இருட்டு முடிந்து இங்கே சூரியன் திரும்பி வந்து மூன்று வாரம் ஆகிறது. மத்தியானத்தில் வெளிச்சம் சாப்பாட்டுக்கூடத்தின் நடு மேஜை வரை வருகிறது. அதில் உட்காருவதற்குக் கிழவர்களுக்குள் சண்டை.

அலுவலக மின்னஞ்சல் எல்லாம் கோப்பில் சேர்ந்துவிடும் என்பதால் கையால் எழுதுகிறேன். போன நவம்பரில் எங்கள் முதியோர் இல்லத்து ஊழியர்களுக்கு நீ நடத்திய பயிற்சி இரண்டு நாள் என்றுதான் போட்டிருந்தோம். பாதிப் பேர் காய்ச்சலில் படுத்துவிட, முதல் நாள் மத்தியானத்தோடு நின்றுபோனது. நீ அனுப்பிய வருகைத்தாளிலும் அப்படியே இருக்கிறது: அரை நாள், ஏழு பேர்.

மார்ச் 12 அன்று ஆய்வாளர்கள் வருகிறார்கள். பயிற்சிப் பதிவைத்தான் முதலில் கேட்பார்கள். புதுத் தாள் ஒன்று இத்துடன் இருக்கிறது. இரண்டு நாள், இருபத்துமூன்று பேர். இருபத்திரண்டு பேர் கையெழுத்துப் போட்டாகிவிட்டது. பயிற்சியாளர் என்ற இடத்தில் நீயும் போட்டு அனுப்பிவிடு.

மிச்சம் ஒருவன், தெர்யே. படகை விற்றுவிட்டு நாற்பத்தைந்து வயதில் உதவியாளனாக வந்தவன். "அன்னிக்கு நான் ஆஸ்லௌக் அம்மாவக் குளிப்பாட்டிக்கிட்டு இருந்தேன். வேணும்னா அதுக்குக் கையெழுத்துப் போடறேன்" என்கிறான். அவனை நான் பார்த்துக்கொள்கிறேன்.

உன்
குட்னி

*

11 பிப்ரவரி 2019
த்ரொண்ட்ஹைம்

அன்புள்ள குட்னி,

உன் கையெழுத்தை உறையில் பார்த்ததும் காபி போட்டு, சாவகாசமாக உட்கார்ந்துதான் பிரித்தேன். காபி ஆறிவிட்டது.

தாளைத் திருப்பி அனுப்பியிருக்கிறேன். நான் நடத்தாத வகுப்பை நடத்தியதாக எழுத மாட்டேன். உனக்கு இல்லை என்று சொல்வது இதுவே முதல் தடவை. எளிதாக இருந்தது என்று நினைத்துவிடாதே.

இன்னொன்று. நவம்பரில் ஜன்னலோரம் ஒரு அம்மாளை நாற்காலியோடு பெல்ட் போட்டு வைத்திருந்தீர்கள். பேர் கேட்டேன், ஆஸ்லௌக் என்றாள். "நான் என்ன மீன் பொட்டியா, கட்டி வெக்க?" என்று என்னையே கேட்டாள். ஒருவரைக் கட்டி வைப்பது பற்றிய பாடம்தான் அடுத்தது. அந்த நேரம் பார்த்து வகுப்பு நின்றுபோனது. இப்போது கேட்கிறேன். அந்த பெல்ட்டுக்கு எழுத்தில் முடிவு எடுத்தவர் யார்? அதற்கு முன் வேறு என்னென்ன செய்து பார்த்தீர்கள்? அவள் வீட்டாருக்குத் தெரியுமா?

மாறாத அன்புடன்,
தோருன்

*

17 பிப்ரவரி 2019

தோருன்,

நீ கேட்ட மூன்று கேள்விக்கும் பதில் ஒன்றுதான். யாரும் இல்லை, எதுவும் இல்லை, தெரியாது.

இப்போது நான் கேட்கிறேன். நீ கடைசியாக ஒருவரைத் தூக்கி உட்கார வைத்தது எப்போது? பன்னிரண்டு வருடமாகப் படம் போட்டுக் காட்டிப் பேசுகிறாய். சட்டம் சொல்லிவிட்டு நாலு மணிப் படகில் போய்விடுகிறாய். இங்கே பத்தொன்பது முதியவர்களுக்கு ஒரு ஷிப்டுக்கு இரண்டு ஊழியர்கள். ஆஸ்லௌக் முப்பது வருடம் கரையோர வானொலி நிலையத்தில் படகுகளுக்குப் புயல் சொன்னவள். இன்றும் காற்றடித்தால் துறைமுகத்துக்குப் போக எழுந்துவிடுகிறாள். செப்டம்பரில் விழுந்து இடுப்பெலும்பை முறித்துக்கொண்டாள். மறுபடி விழட்டும் என்கிறாயா?

வியாழக்கிழமை அவள் நாற்காலியில் சரிந்து, பெல்ட் கழுத்துக்குக் கீழே வந்து இறுகிவிட்டது. தெர்யேதான் பார்த்தான். கழற்றிக் கொண்டுவந்து என் மேஜைமேல் போட்டான். "இத இனிமே நான் கட்ட மாட்டேன். கட்டணும்னா நீங்க வந்து கட்டுங்க" என்றான். எல்லார் முன்னாலும் சொன்னதால் எச்சரிக்கைக் கடிதம் கொடுத்தேன்.

அவள் நன்றாக இருக்கிறாள். கழுத்தில் ஒரு கோடு இருக்கிறது, அவ்வளவுதான். நகராட்சி மேலதிகாரி ஒட்வாரிடம் சொன்னதற்கு, "ஆய்வு முடியட்டும், குட்னி. பயிற்சி ஒரு தாள்தான, முடிச்சு வெச்சிடு" என்றார். நீ போடாவிட்டால் வேறு யாராவது போடுவார்கள்.

குட்னி

*

22 பிப்ரவரி 2019
த்ரொண்ட்ஹைம்

அன்புள்ள குட்னி,

"அவ்வளவுதான்" என்று எழுதியபோது உன் பேனா தாளைக் கிழித்திருக்கிறது. அதனால்தான் இன்னும் உனக்கு எழுதுகிறேன்.

நான் வார்டை விட்டது எதற்கு என்று நீ ஒருநாளும் கேட்டதில்லை. போடோ ஆஸ்பத்திரியில் நாம் சேர்ந்து வேலை பார்த்த முதல் வருடம். நோயாளி இங்வால்டை நாம் இரண்டு பேரும் போர்வையால் கட்டிலோடு கட்டினோம். மணிக்கட்டு கன்றிப்போய்விட்டது. 'அமைதியில்லாமல் புரண்டார்' என்று எழுதி இருவருமே கையெழுத்துப் போட்டோம். அவர் மகள் கேக் கொண்டுவந்து நமக்கு நன்றி சொன்னாள். நீ சாப்பிட்டாய். நானும் சாப்பிட்டேன். பதினாறு வருடம் வார்டில் அது என்னோடு வந்தது. அதை யாருக்காவது சொல்லிக்கொடுக்காவிட்டால் முடியாது என்றுதான் வெளியே வந்தேன். நான் படம் போட்டுப் பேசுவது அந்த மணிக்கட்டைத்தான்.

நீ சொன்னதில் நியாயமும் இருக்கிறது. பாதியில் படகேறியிருக்கக் கூடாது. ஏப்ரலில் என் விடுமுறையில் வருகிறேன். யாரையும் வேலையிலிருந்து எடுக்க வேண்டாம். இரண்டிரண்டு பேராகக் கட்டில் பக்கத்திலேயே நின்று சொல்லித்தருகிறேன். தூக்கியும் உட்கார வைக்கிறேன்.

ஆனால் பொய்த் தாள் ஆய்வாளர் கைக்குப் போனால், அவர்கள் என்னைக் கேட்கும்வரை காத்திருக்க மாட்டேன். நானே கூப்பிட்டுச் சொல்வேன். இதை உன் முதுகுக்குப் பின்னால் செய்யக் கூடாது என்றுதான் முன்கூட்டியே எழுதுகிறேன்.

தோருன்

*

2 ஏப்ரல் 2019

தோருன்,

ஐந்து வாரம் உனக்கு எழுதவில்லை. கோபம்தான். உன் கடிதத்தை மேஜை இழுப்பறையில் போட்டுப் பூட்டினேன். இங்வால்ட் பேரை நான் மறந்துவிட்டதாகவே நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஆய்வுக்கு முந்தின நாள் ஊழியர்களைக் கூப்பிட்டு அந்தத் தாளை அவர்கள் முன்னாலேயே கிழித்தேன். தெர்யேயின் எச்சரிக்கைக் கடிதத்தையும் திரும்ப வாங்கிக்கொண்டு, நான் செய்தது தப்பு என்றேன். அவன், "சரி, ஆறாம் நம்பர் ரூமுக்குப் போகணும்" என்று எழுந்து போய்விட்டான்.

ஆய்வாளர்கள் கையில் அரை நாள், ஏழு பேர் தாளைக் கொடுத்தேன். பெல்ட்டை மேஜைமேல் வைத்து, நடந்ததைத் தேதியோடு சொன்னேன். எத்தனை பேருக்கு எத்தனை பேர் என்ற பட்டியலையும் கேட்காமலே கொடுத்தேன். பக்கத்தில் ஒட்வார் முகம் வெந்த இறால் மாதிரி ஆகிவிட்டது. கூடத்துக்கு வெளியே என்னைப் பிடித்துக்கொண்டார்.

"நகராட்சிய இப்படி மாட்டி விடறியே."

"மாட்டினது ஆஸ்லௌக் கழுத்துல, ஒட்வார்" என்றேன்.

ஆஸ்லௌக்கின் மகனுக்கு போன் செய்து நானே சொன்னேன். "எங்கம்மா அத சொன்னாங்க, நாங்கதான் நம்பல" என்றான்.

இப்போது தினமும் பத்து மணிக்கு எங்களில் ஒருவர் அவளோடு துறைமுகம் வரை நடக்கிறார். முக்கால் மணி நேரம் ஆகிறது. அந்த நேரத்தில் படுக்கை விரிக்க ஆள் இல்லை, விரிக்காமலே கிடக்கிறது. ஒட்வார் வந்து பார்த்துவிட்டு என்ன இது என்றார். ஆள் கொடுங்கள், விரிக்கிறோம் என்றேன். நேற்று அவள் காற்றை முகர்ந்து பார்த்துவிட்டு, "தென்மேற்கு. நாளைக்கு யாரும் போக வேணாம்" என்றாள். இன்று ஒரு படகும் போகவில்லை.

உன்மேல் கோபம் முழுக்கத் தீர்ந்தது என்று சொல்ல மாட்டேன். 24, 25 தேதிகளில் வா. இந்தத் தடவை வருகைத்தாள் எதையும் முன்னாலேயே நிரப்பி வைக்கவில்லை.

பிறகு ஒரு செய்தி. துறையை மறுசீரமைக்கிறார்களாம். என் பதவிக்குப் பத்திரிகையில் விளம்பரம் வந்திருக்கிறது. நானும் விண்ணப்பித்திருக்கிறேன். என்னை அறிந்தவர் யார் என்ற கட்டத்தில் உன் பெயரையும் தொலைபேசி எண்ணையும் எழுதினேன். கூப்பிட்டால் ஒன்றையும் விடாமல் சொல். போடோவையும் சேர்த்து.

குட்னி