வெள்ளைக்காரன் போட்ட தையல்

1945 பிப்ரவரி 6
ஜப்பான்காரன் மலாயாவைப் பிடித்ததிலிருந்து அவன் கணக்குதான்; இந்த ஆண்டை 2605 என்று எழுத வேண்டுமாம். எஸ்டேட் ஆஸ்பத்திரியில் மருந்து போட்டுக் கட்டுக் கட்டும் டிரசர் நான், பதிவேட்டில் அப்படித்தான் எழுதுகிறேன், அது போதும். தங்கை நீலாவதியின் கணவன் தங்கராஜு போன விறகுப் படகு, அந்தத் தொங்கான், இன்னும் போர்டிக்சன் துறைமுகம் திரும்பவில்லை. காற்று சரியில்லை என்று அவளிடம் சொல்லி வைத்தேன்.

பிப்ரவரி 8
வந்துவிட்டான். வலது முன்கையில் வெட்டு. அதில் கறுப்புப் பட்டு நூலால் ஒன்பது தையல், கோடு பிடித்தாற்போல. பட்டு நூலை நான் பார்த்தே மூன்று வருடம். யார் தைத்தது?

"கடலுக்குள்ளேருந்து எந்திரிச்சி வந்துச்சி மச்சான், வெள்ளைக்காரன் கப்பல். எங்கள சின்னப் படகு சம்பான்ல எறங்கச் சொல்லிட்டு தொங்கான சுட்டான். மரம் தெறிச்சி வெட்டுன கைய அவனே தச்சும் வுட்டான்."

போர்டிக்சனில் எத்தனை ஜப்பான் படகு என்றும் கேட்டார்களாம். பதில் சொன்னானா என்று நான் கேட்கவில்லை.

பிப்ரவரி 9
கூடப் போன இருவரை ஜப்பான் ராணுவப் போலீஸ், கெம்பெத்தாய், பிடித்துவிட்டது. நீர்மூழ்கியைப் பார்த்து உயிரோடு வந்தவன் உளவாளியாம். மூன்றாவது ஆளைத் தேடி நாளை இங்கே வருகிறார்கள். தங்கராஜு வாரம் முழுதும் எஸ்டேட்டில்தான் மரம் வெட்டினான் என்று சொல்ல, ஆள்கணக்கு எழுதும் கிராணி கணேசமூர்த்தி சம்மதித்தார். சரி, தையல்? அது என் கைவேலை என்றால் குருடன்கூட நம்பமாட்டான். வேற வழி இருக்கா? இல்லையே.

பிப்ரவரி 10
காலையில் ஒன்பதையும் பிரித்தேன். சாக்கு தைக்கிற நூலை வெந்நீரில் போட்டெடுத்து நாலு தையல் போட்டேன். நீலாவதி என் கையைப் பிடித்தாள்.

"ஆறிக்கிட்டு வர்ற கைய ஏண்ணே கெடுக்கற?"

தள்ளிவிட்டேன். மயக்க மருந்து இல்லை. அவன் துண்டைக் கடித்துக்கொண்டு கிடந்தான்.

மாலையில் அதிகாரி கட்டை அவிழ்த்துப் பார்த்தான். நான்தான் தைத்தேன் என்றேன். இது ஒரு தையலா என்று கன்னத்தில் அறைந்தான். கூட வந்தவர்கள் சிரித்தார்கள். போய்விட்டார்கள். அந்த அறை எனக்கு இனித்தது. வெட்கமில்லாமல் எழுதுகிறேன்.

பிப்ரவரி 14
காய்ச்சல். சீழ். முழங்கைவரை வீக்கம்.

பிப்ரவரி 17
மாட்டு வண்டியில் சிரம்பான் பெரியாஸ்பத்திரி. கையை எடுத்தாக வேண்டும் என்றார் டாக்டர். எந்த மடையன் தைத்தது என்று கேட்டார். நான் என்றேன்.

மார்ச் 11
பிடிபட்ட இருவரும் வீடு திரும்பவில்லை. தங்கராஜு இடது கையால் சாப்பிடப் பழகுகிறான். பாதி கீழே சிந்துகிறது. நீலாவதி ஒரு மாதமாக என்னோடு பேசுவதில்லை. இன்று போனபோது அவித்த மரவள்ளிக்கிழங்கில் எனக்கும் ஒரு துண்டு வைத்தாள். முகத்தைப் பார்க்கவில்லை. சாப்பிட்டுவிட்டு வந்தேன்.