காலி டப்பாவின் வேலை

அன்புள்ள பாப்பாவுக்கு,

இங்கே நானும் அம்மாவும் உடம்புக்கு ஒரு குறையுமில்லாமல் இருக்கிறோம், அங்கே நீயும் அப்படியே இருப்பாய் என்று நம்பித்தான் மேற்கொண்டு எழுதுகிறேன். வியாழக்கிழமை காலை ஒன்பது மணிக்கு, என் மேசைமேல் ஓராண்டாகப் பணியாற்றிவந்த பேனா டப்பாவை அந்தப் பொறுப்பிலிருந்து விடுவிப்பது என்று இந்த வீட்டில் ஒருமனதாக முடிவெடுக்கப்பட்டது. ஒருமனது என்பது அம்மாவின் மனது. நான் எழுந்து நின்று வழிமொழிந்தேன்.

இது உன் காரைப் பற்றிய செய்தி, பதறாமல் படி. நீ இரண்டு வருஷம் ஷெட்டிலேயே கிடந்து எஞ்சினைப் பிரித்துக் கோத்த அந்தப் பழைய ஸ்போர்ட்ஸ் காரை, இதை மட்டும் பாத்துக்கோங்கப்பா என்று சொல்லி ஒப்படைத்துவிட்டுப் போனாய், நானும் கொஞ்சம் அதிகமாகவே பார்த்துக்கொண்டுவிட்டேன். அதன் முன்விளக்குகள் மூடிக்குள் தூங்குகிறவை, சுவிட்சைப் போட்டால் எழுந்து உட்காருகிறவை என்று உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. சில மாதமாக வலது விளக்கு எழுந்தது, இடது விளக்கு பாதியில் நின்றுவிட்டது. தகுதிச் சோதனைக்கு இரண்டு முறை கொண்டுபோனேன். முதல் முறை ஆய்வாளர், உங்க வண்டி என்னைப் பாத்துக் கண்ணடிக்குது சார் என்று சிரித்தார். இரண்டாம் முறை சிரிக்கவில்லை, வெள்ளிக்கிழமையும் இப்படியே வந்தால் பதிவை ரத்து செய்துவிடுவோம், அப்புறம் பழைய இரும்புக்குத்தான் போகும் என்று எழுதிக் கொடுத்துவிட்டார். உன்னிடம் சொல்லவில்லை. நீ போனில் கார் எப்படி இருக்கிறது என்று கேட்டபோதெல்லாம் நான் உங்கள் ஊர் வானிலையை விசாரித்தது அதனால்தான்.

புதன்கிழமை, காதில் எப்போதும் பென்சில் செருகியிருக்கிற அந்த மெக்கானிக்கை வீட்டுக்கே வரவழைத்தேன். அவர் இடது விளக்குக்குப் போகும் மெல்லிய ரப்பர் குழாயைக் கழற்றி, இளநீர் குடிப்பதுபோல் வாயில் வைத்து ஒரு இழு இழுத்தார், விளக்கு எழுந்து உட்கார்ந்தது. கண்ணுல கோளாறு இல்ல சார், எஞ்சின் இழுக்கிற இழுப்பு இங்க வந்து சேரல, வழியில எங்கயோ காத்து உள்ள போகுது என்றார். குழாயைப் பிடித்துக்கொண்டே போனவர், சக்கரத்துக்கு மேலே இருட்டில் கையை விட்டு, இரண்டு குழாய் முனைகளை வெளியே எடுத்தார். இரண்டிலும் துணி அடைத்திருந்தது. கைக்குட்டைத் துணி, ஓரத்தில் அம்மா நூலால் போட்ட என் பெயரின் முதலெழுத்து. இங்க உருண்டையா ஒரு டப்பா இருந்திருக்கணுமே, உள்ள ஒண்ணுமே இருக்காதே என்று அவர் கேட்டார். நான் வானத்தைப் பார்த்தேன். அம்மா உள்ளே போய், பேனாக்களோடேயே அதைக் கொண்டுவந்து வைத்தாள்.

முப்பத்திரண்டு வருஷம் கிடங்கு ஆய்வாளராக இருந்தவன் நான். காலியான டப்பா இடத்தை அடைத்துக்கொண்டிருக்கக் கூடாது என்பது எங்கள் முதல் விதி, போன வருஷம் உன் காரைத் துடைக்கும்போது அந்த விதியை அமல்படுத்தினேன், ரம்பத்தால் மேல்பக்கத்தை அறுத்துப் பார்த்து உள்ளே ஒன்றுமில்லை என்று உறுதிசெய்துகொண்ட பிறகுதான் வேறு வேலை கொடுத்தேன். அது வெறும் காலி டப்பாதானே என்று மெக்கானிக்கிடம் வாதாடினேன். காலியா இருக்கிறதுதான் சார் அதுக்கு வேலை, எஞ்சின் இழுத்த இழுப்பை அதுலதான் சேத்து வைக்கும் என்றார். இவரும் ரிட்டயரானதுலேர்ந்து அந்த வேலதான் பாக்கிறார், நான் அறுத்தா பாத்தேன் என்று அம்மா அவரிடம் விசாரித்தாள்.

அறுத்த மூடியை நான் எறிந்திருக்கவில்லை, என் தண்ணீர் டம்ளரை மூடிக்கொண்டிருந்தது. வியாழக்கிழமை மேற்சொன்ன தீர்மானம் நிறைவேறியதும் அதையும் டப்பாவையும் எடுத்துப்போய், மெக்கானிக் காற்றுப் புகாமல் பற்றவைத்து மாட்டினார். வெள்ளிக்கிழமை ஆய்வாளர் பத்து முறை சுவிட்சைப் போடச் சொன்னார், பத்து முறையும் இரண்டு கண்ணும் சேர்ந்தே விழித்தன. கையெழுத்துப் போட்டுவிட்டார். இன்னும் இரண்டு வருஷத்துக்கு உன் கார் உன் கார்தான்.

நீ தொட்டதெல்லாம் துலங்க வேண்டும், வேளைக்குச் சாப்பிட்டு நேரத்துக்குத் தூங்க வேண்டும் என்று அம்மாவும் நானும் வாழ்த்துகிறோம். கண் டாக்டரிடம் போகச் சொல்லி மூன்று மாதமாகிறது, காரே போய்வந்துவிட்டது, நீயும் போய்வா.

அன்புடன்,
அப்பா

பி.கு.: ரம்பம் அம்மாவின் அலமாரியில் இருக்கிறது. சாவி அவளிடம் இருக்கிறது.