கையில் கொடுக்காத மாத்திரை

செவ்வாய்

காலையிலேயே வெயில். மரவள்ளிக் காட்டுப் பக்கமிருந்து புழுதி. விகாரைக் கூடம் பெருக்கியாயிற்று. ஞாயிறு தியான வகுப்புக்குப் பாய் போதாது, கேட்க வேண்டும்.

நேற்று சூரமங்கலம் போய் டாக்டரைப் பார்த்தது. பதற்ற நோயாம். தினம் ஒரு மாத்திரை, சாப்பிட்ட பிறகு. கூட வந்த அக்காதான் வாங்கினாள், என் துணிப்பையில் போட்டுவிட்டாள். தண்ணீர் தவிர எதையும் பிக்கு அல்லாத யாராவது கையில் கொடுத்தால்தான் பிக்கு விழுங்கலாம், விதி. மாத்திரை பையிலேயே கிடக்கிறது.

புதன்

பிட்சை. கோழிப்பண்ணையில் வேலை பார்க்கும் செல்வி பாத்திரத்தில் சோறு போட்டாள். "உங்க மொகத்தப் பாத்தாலே மனசு அடங்கிருதுங்க சாமி." மாத்திரையை எடுத்துக் கொடு என்று அவளிடம் கேட்டிருக்கலாம். வாய் வரவில்லை.

மாலை மூச்சைக் கவனிக்க உட்கார்ந்தேன். உட்கார்ந்ததுமே நெஞ்சு இறுகியது, கை மரத்தது. பதினொரு வருடமாக ஊருக்கெல்லாம் இதைத்தான் சொல்லித் தருகிறேன். வெட்கமாக இருக்கிறது.

வெள்ளி, பௌர்ணமி

இங்கே நாங்கள் இரண்டு பிக்குகள்தான். பௌர்ணமிதோறும் ஒருவருக்கொருவர் குற்றம் சொல்லிக்கொள்வது வழக்கம். தம்மசீலர் (இளையவர்) செடி பிடுங்கியதைச் சொன்னார். நான் சோற்றைக் குறை சொன்னதை. நோய் குற்றமில்லை, அதனால் அதைச் சொல்ல இடமும் இல்லை.

முடிந்ததும், மூத்தவன் என்ற மரியாதையோடு, "மெலிஞ்சு போயிட்டீங்களே பந்தே" என்றார். வெயில் என்றேன். பொய். பொய் குற்றம்தான். அதையும் சொல்லவில்லை.

சனி

மழை வரும்போல இருந்தது, வரவில்லை. பாய் வந்துவிட்டது. குளிக்குமிடத்தில் மறுபடியும் அது. தரையில் உட்கார்ந்து வாளியைப் பிடித்துக்கொண்டேன். செத்துப்போவேன் என்றே நினைத்தேன்.

விதி என்னைத் தடுக்கவில்லை. நான்தான் அதன் பின்னால் ஒளிந்திருக்கிறேன்.

ஞாயிறு

மதியச் சோறு முடிந்து வகுப்பு. கூடம் நிறைந்துவிட்டது. செல்வி முன்வரிசை. மூச்சைக் கவனிக்கச் சொன்னேன். எல்லாரும் கண்ணை மூடினார்கள், எனக்கு மறுபடியும் அது வந்தது. போன வாரம் இருமல் என்று சொல்லி எழுந்து போனேன். இன்று போகவில்லை. மாத்திரை அட்டையைச் செல்வி முன்னால் வைத்தேன்.

"ஒண்ணு எடுத்து எங்கையில குடும்மா."

"எதுக்குங்க சாமி இது?"

"பயத்துக்கு. மூச்சப் பாத்தா எனக்குப் பயம் வருது."

அத்தனை கண்ணும் திறந்துவிட்டது. செல்வி இரண்டு கையாலும் கொடுத்தாள். கதவோரம் நின்ற தம்மசீலர் தண்ணீர் மொண்டு வந்தார். விழுங்கினேன்.

யாரும் எழுந்து போகவில்லை. மூச்சை விட்டுவிட்டு, பாதம் தரையில் படுவதைக் கவனிக்கச் சொன்னேன். நானும் அதையே செய்தேன். கொஞ்சம் பரவாயில்லை.

எல்லாரும் போன பிறகும் செல்வி வாசலிலேயே நின்றாள்.

"பண்ணையில எனக்கும் இப்பிடித்தானுங்க வருது. பேயின்னு மூணு தடவ மந்திரிச்சாங்க. இந்த மாத்திர குடுத்த டாக்டரு எங்கீங்க இருக்காரு?"

ஒரு தாளில் வழி எழுதினேன். கீழே வைக்காமல் அவள் கையிலேயே கொடுத்தேன்.