தாயத்துக்குப் போக மீதி

மச்சான்,

இன்று காலை பேரனின் தொப்புள் கொடி காய்ந்து விழுந்தது. அதைப் போட்டு வைக்க வாங்கிய வெள்ளித் தாயத்தைக் கையில் எடுத்ததும், ஆஸ்பத்திரியில் என் மானம் போன கதை ஞாபகம் வந்து தனியாகச் சிரித்தேன். உன்னிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்வது?

மகளுக்குத் தலைப்பிரசவம். தாய்வீட்டு முறைப்படி நான் தாயத்தோடு பிரசவ அறை வாசலில் காவல் நின்றேன். பிள்ளை பிறந்த கொஞ்ச நேரத்தில் ஒரு நர்ஸ் சின்னப் பெட்டியோடு வெளியே வந்தார். பேரனின் தொப்புள் கொடி ரத்தத்தை, யாருக்கும் உதவும் பொது ரத்த வங்கிக்கு எடுத்துக்கொண்டு போகிறார் என்று தெரியும். ஓடிப்போய்த் தாயத்தைத் திறந்து நீட்டினேன்.

“மிஸ்ஸி, கொண்டு போறதுக்கு முன்னாடி கொடியில ஒரு துண்டு இதுல போட்டுக் குடுங்க லா.”

அவர் தாயத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். “அங்கிள், இதுல ரத்தம் மட்டும்தான் இருக்கு. உங்க துண்டு பேபி வயித்துலயே ஒட்டிக்கிட்டு இருக்கு. காஞ்சதும் தானா விழும், யாரும் எடுத்துக்க மாட்டாங்க.”

பக்கத்தில் இருந்த, தமிழ் தெரியாத சீன அம்மாகூடச் சிரித்தார். நீ இருந்திருந்தால், “ஐந்தாம் படிவம் வரைக்கும் பள்ளிக்கூடம் போனியே, படிக்கவா போன?” என்று கேட்டிருப்பாய்.

போர்ட் கிள்ளானில் நாம் இருவரும் லோரி ஓட்டிய காலத்தில்தான் உனக்கு ரத்தப் புற்றுநோய் என்றார்கள். வேறொருவரின் குருத்தணு, அதுதான் அந்த ஸ்டெம் செல், பொருந்தினால் பிழைக்க வழியுண்டு என்றார் டாக்டர். உன் கூடப்பிறந்தவர்கள் யாருக்கும் பொருந்தவில்லை. நானும் சட்டைக் கையை மடக்கிக்கொண்டு போனேன். எனக்கும் இல்லை. “ஒரே தட்டுல மீ கோரெங் தின்னோம், இது மட்டும் ஒத்துப் போகலையே” என்று நீதான் என்னைத் தேற்றினாய். நம் இனத்தில்தான் பொருத்தம் கிடைக்க வாய்ப்பு அதிகமாம். கொடுக்கப் பெயர் பதிந்தவர்களிலோ நம்மவர் குறைவாம்.

அப்போதுதான் பிரிக்பீல்ட்ஸ் மண்டபத்தில் அந்தக் கூட்டம். பிள்ளை பிறந்ததும் தொப்புள் கொடியில் மிஞ்சும் ரத்தத்திலும் அந்தக் குருத்தணு உண்டாம். அதை அவரவர் பிள்ளைக்கென்று தனியாரிடம் சேமிப்பதா, எல்லாருக்குமாகப் பொது வங்கியில் கொடுப்பதா, அரசாங்கம் என்ன விதி போடுவது என்று பேச்சு. நீ முகக்கவசத்தோடு எழுந்து நின்றாய்.

“டாக்டர், சிலாங்கூர்ல தண்ணி இல்லன்னா ஆளாளுக்கு வீட்டுத் தொட்டியில புடிச்சு வெக்கிறோம். தப்பு சொல்லல. ஆனா அடுத்த வீடு தீப்புடிச்சா எந்தக் குழாயைத் திறக்கிறது? தெருவுக்குன்னு ஒண்ணு வேணும்ல?”

நான் ஒருவன் மட்டும் பலமாகக் கைதட்டினேன். நீ பேசி முடிக்கவில்லை என்று எல்லாரும் திரும்பி முறைத்தார்கள்.

ஒரு கர்ப்பிணிப் பெண் கேட்டாள்: “என் பிள்ளைக்கே நாளைக்கு ஒண்ணுன்னா, அண்ணே?”

“நியாயம்தாம்மா. அந்தப் பயம் எனக்குத் தெரியும். அதனாலதான் யாரையும் கட்டாயப்படுத்தக் கூடாதுங்கிறேன். பயமுறுத்தி விக்கவும் கூடாது. விவரம் சொல்லிட்டுக் கேக்கணும், அவ்வளவுதான்.”

உனக்கே குருத்தணு உடனே வேண்டியிருந்த நேரம் அது. அப்போதும் அவள் பக்கம் நின்று பேசினாய். அந்த மழைக்காலம் முடியுமுன் போய்விட்டாய்.

போன மாதம் ஷா ஆலம் பேரங்காடியில் தனியார் கொடி ரத்த வங்கியின் விற்பனைக்காரத் தம்பி ஒருவன், “பேரப்பிள்ளைக்கு ஆயுசுக்கும் பாதுகாப்பு, அங்கிள்” என்றான். கையெழுத்துப் போட நான் பேனாவைத் திறந்தே விட்டேன். மகள் கையைப் பிடித்தாள்.

“அப்பா, தொட்டிக் கதையை எனக்குச் சொன்னதே நீங்கதானே?”

அவளுக்கும் பயம் இருந்தது. டாக்டரிடம் துருவித் துருவிக் கேட்டாள். குடும்பத்தில் அந்த மாதிரி நோய் இல்லை, சொந்த ரத்தம் சொந்தப் பிள்ளைக்கே தேவைப்படுவது அபூர்வம் என்று தெரிந்த பிறகுதான் பொது வங்கிக்குச் சம்மதித்தாள். அவளுக்கு நான் கொடுத்த உருப்படியான புத்தி அது ஒன்றுதான், அதுவும் உன்னுடையது. நன்றிடா.

தாயத்தை மூடிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டே அந்த நர்ஸிடம், “இது யாருக்குப் போகும், மிஸ்ஸி?” என்று கேட்டேன்.

“அது எங்களுக்கே தெரியாது, அங்கிள். யாருக்குப் பொருந்துதோ அவங்களுக்கு.”

“சரி, மிஸ்ஸி” என்றேன். அவர் பெட்டியோடு நடந்தார். நாக்கு நுனிவரை வந்த ஒன்றை விழுங்கிக்கொண்டேன்:

கொஞ்சம் வெரசா போங்க, மிஸ்ஸி. அங்க ஒருத்தன் ரொம்ப நாளா காத்துக்கிட்டு இருக்கான்.