பிடியரிசிப் பானை

12-8-1961, சனிக்கிழமை

உலை வைக்கும்போதெல்லாம் ஒரு பிடி அரிசியைத் தனிப் பானையில் போட்டு வந்தேன். "நீ மிச்சம் பிடிக்கிறது உனக்குத்தான்" என்று அம்மாதான் சொல்லியிருந்தாள். பானை நிறைந்துவிட்டது. அதை விற்று, திங்கட்கிழமை தெற்கு வாசல் டைப்ரைட்டிங் வகுப்பில் சேர்வதாக இருந்தேன்.

இன்று லால்குடிச் சித்தப்பா குடும்பத்தோடு வந்து இறங்கினார். வீட்டில் அரிசி தீர்ந்திருந்தது. அம்மா என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. பானையை முறத்தில் கவிழ்த்துவிட்டாள்.

சாப்பாட்டின்போது பெருமை வேறு. "எல்லாம் இவ சேத்த பிடியரிசிதான். நல்லா சாப்பிடுங்க."

சித்தப்பா மறுபடி ரசம் ஊற்றச் சொல்லிவிட்டுச் சிரித்தார். "பாத்தீங்களா அண்ணி, ஸ்கூலை நிறுத்தினது நல்லதாப் போச்சு. இப்பதான் பொண்ணு குடும்பத்துக்கு ஆகியிருக்கா!"

எல்லாரும் சிரித்தார்கள். நான் குனிந்தபடி அப்பளம் வைத்தேன்.

சாயங்காலம் அப்பா வாங்கி வந்த அரிசியைக் களைந்துகொண்டிருந்தேன். கூடத்திலிருந்து அம்மா கேட்டாள்: "ஒரு பிடி எடுத்து வெச்சியாடி?"

"வெச்சேம்மா" என்றேன்.

பானை காலியாகத்தான் இருக்கிறது. நாளைக்கும் கேட்பாள். நாளைக்கும் வெச்சேன் என்றுதான் சொல்வேன்.