மரம் இறக்கிய தோணி குறித்துச் சங்குத்துறைக்கு விடுத்த ஓலை

நன்று நிற்க. உப்பு விளைக, மணல் ஒதுங்குக, போன கலங்கள் திரும்புக.

கானல்நாட்டின் ஏழு துறைகளுக்கும் உடையவரும், கடல் கடந்து வந்த இரண்டு கும்பினியாருக்குக் கோட்டை கட்ட இடம் கொடுத்துவிட்டு அதற்காக இன்றுவரை வருந்துபவருமாகிய பூதலவேணி நாச்சியார், ஏழரண் மாளிகையின் கீழை மண்டபத்தில் அமர்ந்து, ஓலைநாயகம் எழுத விடுக்கும் திருமுகம். சங்குத்துறையின் துறைநாயகமும், மூன்று உடன்படிக்கைகளையும் எழுத்தெண்ணிப் படித்தவரும், அவற்றில் ஓரெழுத்துக்கேனும் நோவு வராமல் நடப்பவருமாகிய அறம்வளர்த்த பிள்ளை இதை நின்றபடியே முழுவதும் வாசிக்கக் கடவீர்.

உமது துறைக்கும் துறையைச் சூழ்ந்த குடிகளுக்கும் நலமே விளைக. உமது எழுத்தாணி மழுங்காதிருக்கட்டும் என்று வாழ்த்தவே நினைத்தோம். ஆனால் நீர் அனுப்பிய இருபத்து மூன்று ஏடுகளையும் கண்டபின், அந்த எழுத்தாணிக்கு நம் வாழ்த்து தேவையில்லை என்று தெரிந்துகொண்டோம்.

தோணித் தலைவனாகிய கலந்தர் தண்டலின் தோணியை நீர் தடுத்துவைத்த வழக்கு பற்றியது இவ்வோலை. உமது ஏடுகளில் இருபத்திரண்டு தோணியின் கொடியைப் பற்றியே பேசின. தோணியிலிருந்த அரிசியைப் பற்றிக் கடைசி ஏட்டின் கடைசியில் ஒரே ஓர் அடி இருந்தது. அந்த ஓர் அடி நமக்குப் போதாமையால் கலந்தரையே வரவழைத்துக் கேட்டோம். நடந்ததை நீர் அறிவீர். ஆயினும் அதைத் தோணியில் இருந்தவன் பக்கமிருந்து ஒருமுறை கேட்பது உமக்கு நன்மை தரும்.

நம் கரைத் தண்டல்களுக்கு நெடுநாளைய வழக்கம் ஒன்று உண்டு. வடகோட்டைக் கும்பினியாரைக் கடக்கும்போது அவர்களுடைய சிவப்புக் கொடியை ஏற்றுவார்கள்; தென்கோட்டைக் கும்பினியாரைக் கடக்கும்போது அதை இறக்கிவிட்டு நீலக் கொடியை ஏற்றுவார்கள். அது பிறர் வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றுவது போன்ற மரியாதை. செருப்பைக் கழற்றியவன் அந்த வீட்டுக்கு மருமகனாகிவிட்டான் என்று இக்கரையில் எவரும் எண்ணியதில்லை. கும்பினியார் எண்ணினார்கள். சிவப்புக் கொடி ஏற்றியவன் தன் குடி என்றது வடகோட்டை. நீலம் ஏற்றியவனைத் தொடக்கூடாது என்றது தென்கோட்டை. அப்படிப் பிறந்தவையே உமது நெஞ்சுக்கு இனிய அந்த மூன்று உடன்படிக்கைகள். கொடியின்றிச் செல்லும் பாய்மரக் கலம் கொள்ளைக் கலம் என்றும், உரிமையில்லாத கொடியோடு சென்றால் கலமும் சரக்கும் பறிமுதல் என்றும் அவற்றில் எழுதினார்கள். எவனுக்கு எந்தக் கொடி உரியது என்பதை மட்டும் எழுத மறந்துவிட்டார்கள்.

தை மாதம் பத்தாம் நாள் கலந்தர் எண்பது மூட்டை அரிசியோடு கல்லுத்தீவுக்குப் புறப்பட நின்றான். அந்தத் தீவில் நெல் விளையாது. ஆண்கள் சங்கு குளிக்கத் தூரக் கடலுக்குப் போயிருக்கும் மாதங்களில், பெண்களும் முதியவர்களும் பிள்ளைகளும் இந்த ஒரு நடை அரிசியை நம்பியே அடுப்பு மூட்டுவார்கள். வாடைக்காற்று நிற்குமுன் பாய் விரித்தால் ஒன்றரை நாளில் போய்ச் சேரலாம். காற்று நின்றுவிட்டால் பாய்க்குத் தீவு எட்டாது. கலந்தரின் மனைவியும் தமக்கையும் அந்தத் தீவில்தான் இருந்தார்கள். அவன் அவசரம் என்னவென்று இதற்குமேல் விளக்க வேண்டியதில்லை.

நீர் தோணியில் ஏறினீர். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு தேடினீர். ஒரே பெட்டியில் சிவப்பும் நீலமும் மடித்து வைக்கப்பட்டிருக்கக் கண்டு, பெரிய சதியைப் பிடித்துவிட்டவர் போல மகிழ்ந்து, இரு கோட்டைகளுக்கும் ஆள் அனுப்பினீர்.

வடகோட்டை வழக்கறிஞர் வந்து, இத்தோணி எங்கள் குத்தகைக் கரையில் கட்டப்பட்டது, ஆகவே சிவப்பே ஏற்றவேண்டும் என்றார். தென்கோட்டை வழக்கறிஞர் வந்து, இவனுடைய பாட்டன் ஒரு புயலின்போது எங்கள் மதிலுக்குள் மூன்று நாள் ஒதுங்கியிருந்தான், அன்று முதல் இவன் வம்சமே எங்கள் நிழலில் இருக்கிறது, ஆகவே நீலமே ஏற்றவேண்டும் என்றார். பாட்டன் ஒதுங்கியது மதிலுக்கு உள்ளேயா வெளியேயா என்று தெரிந்தாக வேண்டும் என்று முன்னவர் கேட்டார். அதற்குச் சாட்சியாக, புயலை நேரில் பார்த்த கிழவர்களைத் தேடி நீர் ஊர் ஊராக ஆள் விட்டீர். கிழவர்கள் கிடைத்தார்கள், ஆளுக்கு ஒரு புயலைச் சொன்னார்கள்.

அப்போது கலந்தர் உம்மிடம் முறையிட்டதை உமது கணக்கர் திருத்தாமல் எழுதி வைத்திருக்கிறார். அவர் ஒருவரே அங்கே வேலை செய்திருக்கிறார் போலும். “ஐயா, செவப்போ நீலமோ, நீங்க குடுக்கிறதைக் கட்டிக்கிட்டுப் போறேன். எனக்குக் கொடியில ஒண்ணும் இல்லீங்க. இன்னும் பத்துப் பன்னெண்டு நாள்ல வாடை விழுந்துரும். தீவுல போன மாசமே பானை காலி. என்னைப் போகவிட்டுட்டு அப்புறம் சண்டை போடுங்க, நான் திரும்பி வந்து எதுக்கால நிக்கிறேன்” என்பது அவன் சொல். அதன் கீழே நீர், இவன் கொடியை மதியாதவன் என்று எழுதிக் கையொப்பம் இட்டிருக்கிறீர்.

இங்கே நம் பங்கையும் மறைப்பதற்கில்லை. இரு கோட்டையாரும் ஒத்துவராமையால், இவன் நம் குடிதானே, நம் சுறாக் கொடியையே ஏற்றலாமா என்று நம் பேரவையைக் கேட்டீர். அவையோர் ஒன்பதின்மர் உமது துறைக்கே வந்து கூடினார்கள். கூடியபின், பாய்மரத்தின் உச்சியில் காற்றின் திசை பார்க்கத் தண்டல்கள் ஒரு துணி கட்டுவதுண்டு என்றும், கலந்தரின் துணி பழைய வேட்டியின் கிழிசல் என்றும் அவர்களுக்குத் தெரியவந்தது. வேட்டிக் கிழிசல் மேலே பறக்க, அரச கொடி அதன் கீழே பறக்கலாமா என்ற கேள்வி எழுந்தது. எழுந்த கேள்வி ஒன்பது நாள் உட்காரவே இல்லை. கிழிசலைக் கீழே இறக்கிக் கட்டச் சொல்லலாம் என்றார் ஒருவர். கீழே கட்டினால் பாய் மறைத்துக் காற்றுத் தெரியாது என்றான் கலந்தர். கிழிசலுக்குப் பதில் பட்டுத்துணி கட்டலாம் என்றார் வேறொருவர். அப்படியானால் அரச கொடிக்கு மேல் மற்றொரு பட்டுத்துணியா என்று மூன்றாமவர் சீறினார். முடிவில், அரச கொடியின் மாட்சியை முன்னிட்டு அதை எந்தத் தோணியிலும் ஏற்றலாகாது என்று தீர்ப்பாயிற்று. அதற்கு முத்திரை வைத்தது நம் கைதான். அந்த நாட்களில் நாம் வேட்டைக்குப் போவதில் முனைப்பாக இருந்தோம். படித்துப் பாராமல் வைத்தோம். இதை எழுத வெட்கமாக இருக்கிறது. ஆயினும் எழுதுக என்றோம்.

ஆக, சிவப்பு ஏற்றினால் பறிமுதல், நீலம் ஏற்றினால் பறிமுதல், சுறா ஏற்றினால் அரச நிந்தை, ஒன்றும் ஏற்றாவிட்டால் கொள்ளைக்காரன். மற்றத் தண்டல்கள் இதைப் பார்த்துத் தங்கள் தோணிகளைக் கரையேற்றிவிட்டார்கள். கலந்தர் தினமும் காலையில் வந்து மரத்தின் உச்சியைப் பார்ப்பான். நீர் தடுத்த இருபதாம் நாள் அந்தக் கிழிசல் அசையாமல் தொங்கியது. வாடை நின்றுவிட்டது.

அன்று அவன் அழவில்லை என்று கணக்கர் எழுதியிருக்கிறார். உம்மிடம் வந்து கைகட்டி நின்று, மரமும் பாயும் இல்லாத தோணிக்குக் கொடி வேண்டுமா என்று மட்டும் கேட்டான். நீர் மூன்று உடன்படிக்கைகளையும் புரட்டி, அவற்றில் பாய்மரக் கலம் என்றே இருக்கிறது, மரமில்லாத கலத்துக்கு விதியில்லை என்று கண்டுபிடித்து, சட்டத்தின் நுட்பம் ஒன்று உம் கையால் விளங்கியதாக மனம் குளிர்ந்து, அவனுக்குச் சீட்டு எழுதிக் கொடுத்தீர். அந்தச் சீட்டை முதல் நாளே எழுதியிருக்கலாமே என்று உமக்குத் தோன்றவில்லை. முதல் நாள் காற்று இருந்தது, மரத்தை இறக்க அவனுக்கும் பைத்தியமா என்ன?

கலந்தரும் கூட்டாளிகள் ஆறு பேரும் மரத்தை இறக்கிக் கரையில் கிடத்தினார்கள். மூட்டைகளில் பாதியை இறக்கினால்தான் துடுப்புக்குத் தோணி நகரும் என்பதால் நாற்பது மூட்டையை இறக்கினார்கள். மீதி நாற்பதோடு, ஆழமில்லாத கரையோரம் பார்த்து, ஆறு நாள் துடுப்பு வலித்தார்கள். மூன்றாம் நாளே உள்ளங்கைத் தோல் உரிந்துவிட்டது. நம் முன் நின்றபோது கலந்தர் கைகூப்பினான். அந்தக் கைகளை நாம் பார்த்தோம்.

தீவில் அரிசி தீர்ந்தபின் பனங்கிழங்கை வேகவைத்துப் பங்கிட்டு உண்டிருக்கிறார்கள். பங்கு வைத்தவர் கலந்தரின் மனைவி செய்யது பீவி. ஆளுக்கு ஒரு வேளைக்கு அரைக் கிழங்கு, குடிக்க ஒரு சிரட்டைக் கஞ்சித் தண்ணீர்; அதற்கு மேல் தன் பிள்ளைக்கும் கொடுக்கவில்லை என்று, அவரோடும் கலந்தரோடும் நம்மிடம் வந்த தீவார் சொன்னார்கள். தோணி கரை தொட்டபோது ஓடிவர ஆளில்லை. மூவர் இறந்திருந்தார்கள். அவர்களில் ஒருத்தி கலந்தரின் தமக்கை சுலைகா. தோணி சேர்வதற்கு முதல் நாள்தான் அடக்கம் செய்திருந்தார்கள். இதைச் சொல்லும்போது கலந்தர் எவரையும் ஏசவில்லை. ஏசியிருந்தால் நமக்குச் சற்று எளிதாக இருந்திருக்கும்.

இதற்கிடையே இரு கோட்டையாரும் நமக்கு ஓலை விடுத்திருக்கிறார்கள். தீவுக்கு உணவளித்தது தங்கள் குடியின் தோணி என்றும், ஆகவே தீவில் தங்கள் கொடியை நாட்ட இசைவு வேண்டும் என்றும் இருவரும் கேட்டிருக்கிறார்கள். இருவருக்கும் விடை எழுதவில்லை. விடை சொல்லும் பொறுப்பை உமக்கே தருகிறோம்.

ஆகவே நாம் இடும் கட்டளை: இந்த ஓலை கண்ட நாழிகை முதல் நீர் சங்குத்துறைக்கு நாயகம் அல்லீர், கல்லுத்தீவுக்கு நாயகம். காற்று மறுபடி எழுந்திருக்கிறது; கலந்தரின் மரத்தை நீரே முன்நின்று நிறுத்தி, கரையிலிருக்கும் நாற்பது மூட்டையையும் அதில் ஏற்றி இன்றே அனுப்புக. அவன் எந்தக் கொடியை ஏற்றினாலும், ஏற்றாவிட்டாலும், வேட்டிக் கிழிசலையே கட்டிக்கொண்டு போனாலும், கேட்பவர் நம்மைக் கேட்கட்டும். நீரோ வேறொரு தோணியில் செல்வீர். பேரவையார் ஒன்பதின்மரும் உம்முடன் வருவார்கள். நீங்கள் ஏறும் அந்தத் தோணிக்கு உரிய கொடி எது என்று, இரு கோட்டையாரும் ஒப்பும்படி, நீங்கள் பதின்மரும் கூடித் தீர்ப்பு எழுதியபின் புறப்படலாம். அவசரம் இல்லை, நுட்பமாக ஆராயுங்கள். தீர்ப்பு எழுதி முடியும்வரை பதின்மருக்கும் துறைச்சாவடியிலேயே உணவு: வேளைக்கு அரைப் பனங்கிழங்கு, ஒரு சிரட்டைக் கஞ்சித் தண்ணீர். படிக்காமல் முத்திரை வைத்த குற்றத்துக்காக நம் தாலத்திலும் அதுவே இன்று முதல் விழும்.

இதற்குச் சுறா முத்திரை இட்டோம். இம்முறை படித்துப் பார்த்தே இட்டோம். ஓலை கொண்டுவரும் தோணியிலேயே செய்யது பீவியும் வருகிறார். உங்களுக்குப் பங்கு வைப்பவர் அவரே. அளவு அவருக்குத் தெரியும்.